மாதிரி வீடு

செருப்பைக் கழட்ட வேணாம் மேடம், அப்படியே வாங்க. பாருங்க, சொன்னாலும் கேக்காம கழட்டறீங்க. தரை கொஞ்சம் ஈரமா இருக்கும், இப்பதான் துடைச்சேன். நீங்க வரப்போறது தெரிஞ்சு துடைக்கல, அதை முதல்லயே சொல்லிடறேன். முன்னாடி தகவல் சொல்லாம வந்து பார்க்கறதுதானே இப்ப புதுச் சட்டம். நான் தினமுமே துடைக்கறவ. எந்த வீட்டைப் பார்க்கறதுன்னு வாசல்ல நீங்க சீட்டுக் குலுக்கி எடுத்தப்ப நான் குழாயடியில இருந்தேன். மேல் வீட்டு நவநீதம்தான் படியில நின்னுகிட்டு, "அக்கா, உன் வீடு விழுந்திருக்கு"ன்னு குரல் குடுத்தா. குடத்தை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தேன். அப்புறம்தான் சீட்டைச் சொல்றான்னு புரிஞ்சுது. அவ எப்பவுமே அப்படித்தான், பாதியைச் சொல்லுவா, பாதியை முழுங்குவா.

உட்காருங்க மேடம். காபி போடட்டுமா? குடிக்கக் கூடாதா. தண்ணியாவது? அதுவும் பாட்டில்ல கொண்டு வந்துட்டீங்களா. சரி. நல்ல சட்டம். வந்த மனுசருக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்காங்க.

நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் பேசிக்கிட்டுத்தான் இருப்பேன், தப்பா நினைக்காதீங்க. வீட்டுக்காரர் லாரி செட்டுல ராத்திரிக் காவல் வேலைக்குப் போறவரு, பகல்ல தூங்குவாரு. நான் பேசறதுக்கு இந்த வீட்ல ஆளே கிடையாது. இன்னைக்குப் பார்த்து ரேசன் கடைக்குப் போயிருக்காரு.

நீங்க இன்னைக்கு வந்தது சாமி அனுப்பி வச்ச மாதிரி. எதுக்குச் சொல்றேன்னா, என் பொண்ணு தமயந்தி மாசமா இருக்கா. தலைச்சன் பிள்ளை. வளைகாப்பு முடிஞ்சுது. முறைப்படி இப்ப அவ இந்த வீட்ல, இதோ இந்தக் கட்டில்ல இருக்கணும். இல்ல. மாமியார் வீட்ல இருக்கா. வரமாட்டேங்கறா. எதுக்கு வரமாட்டேங்கறான்னு சொன்னா உங்களுக்கே சிரிப்பு வரும். "மேடம் வந்து உன் வீட்டைத் தட்டிப் பார்த்து நல்லாயிருக்குன்னு சொல்லட்டும், அப்புறம் வர்றேன்"ங்கறா. பெத்தவ சொன்னா போதாது, மேடம் சொல்லணும். போகட்டும். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா சாயங்காலமே வந்துடுவா. துணி மணியெல்லாம் கட்டி வச்சிருக்கா. அங்க ஒரே ரூம்பு. நாத்தனார், மாமனார், மாமியார் எல்லாரும் அதுலதான். ராத்திரி கால் நீட்ட இடம் இல்ல. நிறைமாசக்காரி ஒருக்களிச்சுப் படுத்துக் கிடக்கா.

அதனால நல்லா பாருங்க மேடம். எனக்கு பயம் கிடையாது. இந்த பிளாக்குலயே என் வீடுதான் நல்ல வீடு. நான் சொல்லல, உங்க வீட்டு வாரியமே சொல்லியிருக்கு.

அந்தச் சுத்தியல்லயா தட்டுவீங்க? சின்னதாத்தான் இருக்கு. தட்டுங்க, தட்டுங்க.

உங்களுக்கு முன்னாடி ஒரு சார் வருவாரு, தணிகாசலம் சாருன்னு. ரிட்டையர் ஆகிட்டாரு. தங்கமான மனுசன். அவர் இப்படிச் சொல்லாம கொள்ளாம வரமாட்டாரு. ஒரு வாரத்துக்கு முன்னாடியே சொல்லி அனுப்புவாரு. வெள்ளிக்கிழமை ஆய்வுன்னா வியாழக்கிழமை வாரியத்து ஆளுங்க வந்து பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சிட்டுப் போவாங்க. மொத்த பிளாக்குக்கும் இல்ல, இந்த ஒரு வீட்டுக்கு. ஏன்னா சாருக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. கீழ் வீடுகள்ல என்னோடதுதான் முதல் வீடு. நேரா இங்க வருவாரு. இதோ நீங்க நிக்கற இடத்துல நாற்காலி போட்டு உட்காருவாரு. மேல ஒரு பார்வை பார்ப்பாரு, கீழ ஒரு பார்வை பார்ப்பாரு. "பூங்காவனம், இது மாதிரி வீடும்மா"ன்னு சொல்லுவாரு. உளுந்து வடை நாலு, காபி. கையெழுத்துப் போடுவாரு. மொத்த பிளாக்குக்கும் சேர்த்து. வருசா வருசம்.

நான் ஆறாம் கிளாஸோட நின்னவ மேடம். எங்க அப்பாவுக்கு உடம்பு முடியாம போனதும் பாய்க்கடையில வேலைக்குச் சேர்த்துட்டாங்க. என்னை நல்லபடியா யாரும் ஒண்ணும் சொன்னது கிடையாது. அந்த சார்தான் சொன்னாரு, மாதிரி வீடுன்னு. எனக்குப் பெருமை இருக்காதா?

நவநீதத்துக்கு வயித்தெரிச்சல். "பூங்காவனத்து வீட்டுக்கு மட்டும் வருசா வருசம் பொங்கலு, எங்களுக்கெல்லாம் மழை வந்தா தீபாவளி, பட்டாசு மாதிரி மேலருந்து கொட்டுது"ம்பா. சொல்லட்டுமே. ஆனா ஆய்வு அன்னைக்கு அவதான் முதல்ல வருவா, கையில அவ வீட்டு கடிகாரத்தைத் தூக்கிக்கிட்டு. இது என்னன்னு கேக்கறீங்களா? அது இந்த பிளாக்கு வழக்கம். சார் வர்ற நாள்ல எல்லாரும் நல்ல சாமானை என் வீட்ல கொண்டு வந்து வைப்பாங்க. நவநீதம் வீட்டு கடிகாரம். எதிர் வீட்டுக்காரங்க ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ரெண்டாவது மாடியில இருந்து திரைச்சீலை. கடைசி வீட்டுப் பையன் அவங்க அம்மாவோட பெரிய குத்துவிளக்கைத் தூக்கிட்டு வருவான். கல்யாண வீடு தோத்துப் போகும். சார் போனதும் அவங்கவங்க எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. திரும்ப நம்ம வீடு நம்ம வீடா ஆகிடும்.

ஏமாத்தறோம்னு நினைச்சுடாதீங்க. பயம் மேடம். முன்னாடி பக்கத்துல 'ஏ' பிளாக்குன்னு ஒண்ணு இருந்துது, இப்ப காலி மனையா கிடக்குதே, அது. அங்க யாரோ ஒரு புண்ணியவதி ஆபீசருகிட்ட அழுதா, ஒழுகுது, இடிஞ்சு விழுதுன்னு. வந்து பார்த்தாங்க. அபாயம்னு சிவப்புல எழுதினாங்க. எல்லாரையும் லாரியில ஏத்தி ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் இறக்கிட்டாங்க. பஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. இங்க வீட்டு வேலை செஞ்சு பிழைச்ச பொம்பளைங்க அங்க யார் வீட்ல போய் வேலை செய்வாங்க? திரும்ப கட்டித் தர்றோம்னாங்க. மனையில ஆடு மேயுது. அதுக்கப்புறம் எங்க பிளாக்குல யாரும் வாயைத் திறக்கறது இல்ல. கூடிப் பேசித்தான் முடிவு பண்ணினோம். ஒழுகினா பாத்திரம் வை. விழுந்தா கூட்டு. ஆபீசரு வந்தா பூங்காவனத்து வீட்டைக் காட்டு.

அதென்ன மேடம், சாக்பீஸ்ல வட்டம் போடறீங்க? தட்டிப் பார்த்த இடத்துக்கு அடையாளமா? சரி சரி.

அந்தச் சத்தம் கொஞ்சம் வேற மாதிரி வருது இல்ல? அது ஒண்ணுமில்ல. பெயிண்ட். வருசா வருசம் ஒண்ணு மேல ஒண்ணா அடிச்சு அடிச்சு தடிமனா ஆகிடுச்சு. மெத்தை மாதிரி. அதான் 'டொப்'புங்குது.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், தமயந்தி. மாப்பிள்ளை டெப்போவுல மெக்கானிக்கு. கல்யாணம் ஆனதும் அவர் பேர்ல இதே பிளாக்குல மூணாவது மாடியில வீடு கிடைச்சுது. நான் வேண்டாத சாமி இல்ல. பொண்ணைக் கட்டிக் குடுத்தும் கண்ணுல வச்சிருக்கற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? குழம்பு வச்சா கிண்ணத்துல ஊத்தி மேல அனுப்புவேன். அவ துணி காயப் போட்டா இங்கிருந்தே பார்ப்பேன். மொட்டை மாடிக்குக் கீழ இருக்கற வீடு, அதனால கொஞ்சம் ஒழுகும். "அம்மா, தளத்துல கம்பி தெரியுது, சார் வரும்போது சொல்லும்மா, நீ சொன்னா கேப்பாரு"ன்னா. சொல்றேன்டின்னேன். சொல்லத்தான் இருந்தேன். அந்த மனுசன் வாயில வடை இருக்கு. அப்ப போய், என் பொண்ணு வீட்ல கம்பி தெரியுதுன்னு சொல்றதா? சாப்பிடறவங்ககிட்ட சொல்ற பேச்சா அது? சாப்பிட்டு முடிச்சதும் கையெழுத்துப் போட்டுடுவாரு. கையெழுத்துப் போட்டதும் அவசரமா கிளம்பிடுவாரு. இப்படியே போச்சு. அடுத்த வருசம் பார்த்துக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவர் ரிட்டையர் ஆகிட்டாரு. என் மேல என்ன தப்பு?

ஐப்பசி மழையிலதான் விழுந்துது. விடியக்காலை. மாப்பிள்ளை டூட்டிக்குப் போயிட்டாரு. அவளுக்கு அப்பதான் மசக்கை. குமட்டிக்கிட்டு வருதுன்னு எழுந்து குளியல் ரூம்புக்குப் போயிருக்கா. அந்த நேரம் காரை பெயர்ந்து, அவ தலை வச்சிருந்த தலையணை மேல. அம்மிக்கல் அளவுக்கு. வயித்துல இருந்த பிள்ளைதான் அவளை எழுப்பி விட்டிருக்கு.

சத்தம் கேட்டு நான் துடைப்பத்தை எடுத்துக்கிட்டு ஓடினேன். எடுத்துக்கிட்டுத்தான் ஓடினேன், அதுக்கென்ன? வீட்ல குப்பை விழுந்தா யாரும் கூட்டத்தானே செய்வாங்க. அவ சுவத்துல சாஞ்சுக்கிட்டு நிக்கறா, தலைமுடி பூரா சுண்ணாம்புத் தூசி. "பயப்படாதடி, ஒண்ணும் ஆகல, முதல்ல கூட்டி அள்ளிடலாம், யாராவது பார்த்தா பிளாக்குக்குக் கெட்ட பேரு"ன்னேன். அவ என்னையே பார்த்தா. அப்புறம் துடைப்பத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியா வீசிட்டா. கீழ நவநீதத்தோட துளசிச் செடி மேல போய் விழுந்துது. அதுக்கு நவநீதம் என்கிட்ட மூணு நாள் பேசல.

அன்னைக்கேதான் உங்க புது புகார் நம்பருக்கு போன் பண்ணியிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பெத்த அம்மா கீழ் வீட்ல இருக்கா, கேக்கணும்னு தோணல.

உங்க ஆளுங்க வந்தாங்க. நீங்க வரல, ரெண்டு பேர், ஒரு தம்பியும் ஒரு பெரியவரும். நான் என்ன நினைச்சேன், வழக்கம் போல இங்கதானே வருவாங்கன்னு. அவசர அவசரமா உளுந்தை அரைச்சு வடை சுட்டேன். தட்டோட வாசல்ல நின்னேன். என்னைத் தாண்டிப் போனாங்க மேடம். "சார், மாதிரி வீடு இதுதான்"னேன். "இப்ப அதெல்லாம் கிடையாதும்மா, புகார் வந்த வீடு, இல்லேன்னா சீட்டுல வர்ற வீடு, அவ்வளவுதான்"னுட்டு படியேறிட்டாங்க. நவநீதம் படியில நின்னு பார்த்துக்கிட்டு இருக்கா. "அக்கா, வடை ஆறிடப் போகுது, இப்படிக் குடு"ன்னு கை நீட்டினா. அன்னைக்கு எனக்கு இருந்த அவமானம். இத்தனை வருசமா இந்த பிளாக்கோட மானத்தை என் கூரைதான் தாங்கிக்கிட்டு இருந்துது. ஒரு எட்டு உள்ள வந்து பார்க்கலாம் இல்ல?

தமயந்தி வீடு ஆகாதுன்னு பூட்டிட்டாங்க. சரி பண்ணித் தர்றோம், அதே வீட்டுக்கே திரும்ப வரலாம்னு சொல்லியிருக்காங்களாம். 'ஏ' பிளாக்கு மனையில மேயற ஆட்டைக் கேட்டா சொல்லும், எத்தனை வருசம் ஆகும்னு. அவ மாமியார் வீட்டுக்குப் போயிட்டா. நான் இங்க கூப்பிட்டேன், அவ வரல.

மேடம், சமையல் ரூம்புப் பக்கம் அப்புறம் போகலாம், இன்னும் இந்த ரூம்பே முடியலையே. இன்னொரு வட்டமா? கட்டிலுக்கு மேல வேற போடறீங்க.

வளைகாப்புக்குப் போனேன். சம்பந்தி வீட்லதான் வச்சாங்க. நான் ஏழு வகை சோறு கிளறி எடுத்துக்கிட்டுப் போனேன். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், எல்லாம். கை நிறைய வளையல் போட்டு, கன்னத்துல சந்தனம் பூசி, மகாலட்சுமி மாதிரி உட்கார்ந்திருந்தா. எல்லாம் முடிஞ்சுது. சம்பந்தியம்மா, "என்னங்க, ஆட்டோ சொல்லியாச்சா, ராகு காலத்துக்கு முன்னாடி கிளம்பினா நல்லது"ன்னாங்க. நான் எழுந்து அவ கையைப் பிடிச்சேன்.

"நான் வரலம்மா"ங்கறா.

"என்னடி பேச்சு இது, சபையில?"

"உன் வீட்டையும் அவங்க தட்டிப் பார்க்கட்டும். நல்லாயிருக்குன்னா வர்றேன்."

"என் வீடு மாதிரி வீடுடி."

"சாருக்கு மாதிரி வீடு. எனக்குத் தெரியாதாம்மா? நான் அங்க வளர்ந்தவ."

அவங்க சொந்தக்காரக் கிழவி ஒருத்தி வெத்தலையை மென்னுக்கிட்டே, "மருமக கர்ப்பிணின்னு நினைச்சேன், கட்டட இன்ஜினீயரு போலிருக்கு"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது? வரும்போது ஆட்டோவுல அவ உட்கார வேண்டிய இடத்துல காலி அன்னக்கூடைதான் உட்கார்ந்து வந்துது. வளைகாப்பு முடிஞ்சு வெறுங்கையோட திரும்பி வந்த அம்மா எங்க ஊர்ல நான் ஒருத்திதான். பிளாக்குல நுழையறேன், ஒவ்வொரு ஜன்னல்லயும் ஒரு தலை. "பொண்ணு எங்கக்கா?"ன்னு. பின்னாடி வண்டியில வர்றான்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டேன். எத்தனை நாளைக்குப் பின்னாடி வண்டியிலேயே வந்துக்கிட்டு இருப்பா?

என்ன மேடம், சுத்தியலை நிறுத்திட்டீங்க?

அது என்னது உதிர்ந்தது? பெயிண்ட் சீவல். தொடுங்களேன், வெறும் பெயிண்ட். எத்தனை கலர் பாருங்க ஓரத்துல, ரோசு, நீலம், அந்த வருசம் அடிச்ச பச்சை. அது... அதுக்குள்ள தெரியறது... அது பழைய கம்பியா இருக்கும். பழைய கம்பி கொஞ்சம் சிவப்பாத்தானே இருக்கும். துரு வேற, சிவப்பு வேற.

எல்லாம் இந்த நவநீதத்தால வந்த வினை. அவ குளியல் ரூம்புத் தண்ணி இறங்குது. அவ என்னைக்குத் தலைக்குக் குளிக்கறான்னு என் சுவத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். ஒவ்வொரு வருசமும் அந்த ஈரத்து மேலேயே பட்டி பார்ப்பாங்க. "ஏம்பா, ஈரம் காயட்டுமே"ம்பேன். "அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள காயாது, வெள்ளிக்கிழமைக்கு அழகா இருந்தா போதும்"பாங்க. அழகா இருந்துது மேடம். நீங்க பார்க்கலையே.

கட்டிலை நகர்த்தணுமா? எங்க நகர்த்தறது? இந்தப் பக்கமும் வட்டம், அந்தப் பக்கமும் வட்டம். உங்க சாக்பீஸே தீர்ந்து போகும் போலிருக்கு. ஒரு நல்ல இடம் காட்டுங்க, ஒரு பாய் அகலத்துக்கு. பொண்ணு சின்ன உடம்புதான். ஒரு பாய், பக்கத்துல ஒரு துணி மடிச்சுப் போட்டா குழந்தைக்குப் போதும்.

வாசப்படிக்கு நேரா மட்டும்தானா.

இருங்க, போன் அடிக்குது. அவதான். இந்நேரம் நவநீதம் சொல்லியிருப்பா, மேடம் வந்திருக்காங்கன்னு. அவகிட்ட தந்தி ஆபீசே தோத்துடும். எடுக்கட்டுமா? நீங்க பேசறீங்களா மேடம்? நீங்க ஒரு வார்த்தை, பரவாயில்லன்னு... சரி. உங்களால சொல்ல முடியாது. புரியுது. தணிகாசலம் சாரா இருந்தா சொல்லியிருப்பாரு.

ஹலோ. சொல்லுடி. ஆமா, வந்திருக்காங்க. இங்கதான் நிக்கறாங்க. சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? ம். ம். பையை எடுத்துட்டியா? மாப்பிள்ளை ஆட்டோ கூட்டிட்டு வந்துட்டாரா.

இல்ல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

தமயந்தி, நீ வராதம்மா.

கோபமெல்லாம் இல்ல. உன் மேல எனக்கென்ன கோபம். வீடு சரியில்லடி. ஆமா, நான்தான் சொல்றேன், மேடம் சொல்லல. அவங்க தட்டிக்கிட்டு இருக்காங்க, நான் கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன். கட்டிலுக்கு மேலதான். நீ ஆட்டோவைத் திருப்பி அனுப்பிடு. நான் அங்க வர்றேன். பிள்ளை பிறந்து உனக்குத் தெம்பு வர்ற வரைக்கும் அங்கயே இருந்து பார்த்துக்கறேன். ஊர் என்ன சொன்னா என்ன. உன் மாமியார்கிட்ட நான் பேசிக்கறேன், வாசல்ல படுத்துக்கறேன்னு சொல்லிக்கறேன். உங்க அப்பாவா? அவரும் இங்க படுக்க வேணாம். லாரி செட்டுலயே படுத்துக்கட்டும். ஹலோ? ஹலோ?

லைன்ல இருக்கா மேடம், அழறா.

அழாதடி, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. வச்சிடறேன். சாயங்காலம் வர்றேன்.

வாங்க மேடம், சமையல் ரூம்புக்கு. இந்தப் பக்கம். அடுப்புக்கு மேல ஒரு மூலை இருக்கு, காலண்டர் மாட்டியிருக்கேன் பாருங்க, அதை எடுத்துடறேன். போன வருசம் பெயிண்ட் அடிச்ச பையன் அங்க காரை விழுந்த பொத்தல்ல ஒரு அட்டையை வச்சு அது மேல பட்டி பூசிட்டுப் போனான். மெதுவா தட்டினா தெரியாது. பலமா தட்டுங்க. தூசி விழும், முந்தானையால தலையை மூடிக்கறேன். ஸ்டூலு ஆடும், ஏறுங்க, நான் பிடிச்சுக்கறேன்.